பசிபிக் மாணவர் அறையை மூடப் போகிறார்கள்: வெள்ளிக்கிழமைக்குள் என்ன எழுதுவது?

மானுகாவ் மணியன் | திங்கள், இரவு 9.40

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெற்கு ஆக்லாந்தில் ஓர் உயர்கல்வி நிலையத்தில் ஆறு வருடமாகக் கற்றல் உதவியாளராக இருக்கிறேன். என் மேசை பசிபிக் மாணவர் அறையில் இருக்கிறது. சமோவா, டோங்கா, குக் தீவுகள், நியுவே, டோகெலாவ், டுவாலு, ஃபிஜி எனப் பல தீவுகளைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளை இங்கே ஒரே சொல்லில் பசிஃபிகா என்று அழைக்கிறார்கள். 2023 நியூசிலாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்கள் 4,42,632 பேர், அதாவது நாட்டு மக்களில் 8.9 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கினர் நியூசிலாந்திலேயே பிறந்தவர்கள். அதனால் 'ஆங்கிலம் தெரியாமல் திணறும் வெளிநாட்டு மாணவர்' என்று யாரும் கற்பனை செய்ய வேண்டாம்.

எங்கள் அறையில் ஒரு பெரிய பாய், பழைய சோபா, சோறு வடிக்கும் மின்குக்கர், நான்கு கணினிகள், ஓர் அச்சுப்பொறி இருக்கின்றன. அடுத்த பருவத்தில் இந்த அறையை எடுத்துவிட்டு 'அனைவருக்கும் ஒரே உதவி மையம்' அமைக்கப் போகிறார்களாம். இணையதளத்தில் நேரம் பதிவு செய்துகொண்டு மாணவர் அங்கே போக வேண்டும். கருத்துச் சொல்ல வெள்ளிக்கிழமை மாலை வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். பொறியியல் டிப்ளமோ படிக்க வந்த டோங்காப் பையன் ஒருவன் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தான். வகுப்பைப் பற்றி நான் பேசவில்லை, "சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்டேன். மறுநாள் வந்தான். வந்தவன் உள்ளே நுழையாமல், தொப்பியை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு நடைபாதை பெஞ்சில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தான். நான் எழுந்து வெளியே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவனுடைய பாட்டி இறந்திருந்தார். டோங்கா வீட்டில் சாவு என்றால் ஒரு நாளில் முடிவதில்லை. துக்க வழக்கப்படி இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் சமையற்கட்டிலேயே நின்றிருக்கிறான். குடும்பத்தின் பங்குப் பணத்துக்காகக் கிடங்கில் கூடுதலாக இரவு வேலையும் பார்த்திருக்கிறான். அதற்குள் ஒரு தேர்வு போய்விட்டது. மறுதேர்வுக்கு விண்ணப்பிக்க ஒரு படிவம் உண்டு, கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. அது அவனுக்குத் தெரியும். "பாட்டி செத்ததைச் சொல்லிச் சலுகை கேட்க எனக்கு வாய் வரவில்லை" என்றான். அந்த பெஞ்சிலேயே இருவருமாகப் படிவத்தை நிரப்பினோம். மறுதேர்வில் 71 மதிப்பெண் வாங்கினான். இப்போது புதன்கிழமைதோறும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறான்.

இணையதளத்தில் நேரம் பதிவு செய்துகொண்டு வா என்று சொல்லியிருந்தால் இவன் வந்திருப்பானா? இதை அதிகாரிகளுக்குப் புரியும்படி எழுதுவது எப்படி?

துனீடின் மாணவி | திங்கள், இரவு 10.25

அண்ணா, என் அறைத்தோழி பொரிருவாவிலிருந்து வந்த சமோவப் பெண். அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரியாகப் போகிறாள். அவள் மூலமாகப் பார்த்ததை எழுதுகிறேன்.

சமோவாவில் 'ஃபாலவேலவே' என்று ஒரு சொல் இருக்கிறது. கல்யாணம், சாவு, குலத்தலைவர் பட்டம் சூட்டுதல் என்று குடும்பத்தில் எது வந்தாலும் எல்லாரும் பணமும் பாயும் உணவும் உழைப்பும் கொடுத்தாக வேண்டும். நம் மொய், சீர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு. படிக்கிற பிள்ளைக்கும் அதில் விலக்கு இல்லை. விலக்குக் கேட்பதை அவளும் விரும்பவில்லை. அதைப் பாரமாக மட்டும் பார்க்காதே என்று என்னிடம் கோபித்துக்கொண்டாள். அவளுக்குப் பணம் முடையானபோது மூன்று சித்திமார் சேர்ந்து விடுதிக் கட்டணம் கட்டினார்கள். அதுவும் அதே வழக்கம்தான்.

சமோவர்களுக்கு அக்டோபர் இரண்டாவது ஞாயிறு சிறுவர்களுக்கான வெள்ளை ஞாயிறு. வாரக்கணக்கில் தேவாலயத்தில் ஒத்திகை நடக்கும். இரண்டாம் பருவத் தேர்வுகளும் அதை ஒட்டியே வருகின்றன. இங்கே ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் பசிபிக் தீவுகள் மையம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு இந்த நாட்காட்டி தெரியும் என்பதால் செப்டம்பரிலேயே பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைக்கிறார்கள். பொது மையத்தில் இருப்பவர் நல்லவராகவே இருந்தாலும், அக்டோபரில் இந்தப் பெண்ணுக்கு ஏன் கண் சிவந்திருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஹோவிக் வாசி | செவ்வாய், காலை 7.10

எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் மகள் போன வருடம் முதலாண்டு உயிர்மருத்துவம் படித்தாள். ஏறத்தாழ எல்லாப் பாடத்திலும் உச்ச மதிப்பெண். மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. அவளைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் தனி ஒதுக்கீட்டில் உள்ளே போனார்கள். அவள் அழுத இரவுகளை நான் பார்த்தேன். நானும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டாக்சி ஓட்டியவன்தான். எங்களுக்கு எந்த அறையும் இல்லை, யாரும் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

ஏழைப் பிள்ளைக்கு உதவட்டும், வரவேற்கிறேன். வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கட்டும். இனத்தைப் பார்த்துக் கொடுப்பது ஏன்?

நெறியாளர் | செவ்வாய், காலை 8.00

ஹோவிக் வாசியின் கேள்வி நேர்மையான கேள்வி. பதிலும் அப்படியே இருக்கட்டும். தனிப்பட்ட தாக்குதல் வந்தால் நீக்கிவிடுவேன்.

வெலிங்டன் வேணு | செவ்வாய், மதியம் 12.50

கல்விக் கொள்கை சார்ந்த வேலையில் இருப்பவன் என்பதால் சில விவரங்கள் தருகிறேன்.

முதலில் ஒதுக்கீடு வேறு, உதவிச் சேவை வேறு. ஆக்லாந்து பல்கலைக்கழக மருத்துவப் புலத்தில் இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளுக்கும் பசிபிக் மாணவர்களுக்குமான சேர்க்கைத் திட்டம் 1972 முதல் இருக்கிறது. மாப்பாஸ் என்பார்கள். அதில் நேர்காணல் உண்டு. அடிப்படை போதாதவர்களை ஒரு வருட ஆயத்தப் படிப்புக்குப் போகச் சொல்வார்கள். உள்ளே வந்தபின் எல்லாரும் எழுதுவது ஒரே தேர்வுதான். மணியன் பேசுவது இதைப் பற்றி அல்ல. அவருடைய அறைக்கு நெருக்கமான உதாரணம் அதே பல்கலைக்கழகத்தின் துஆகானா திட்டம். 1991இல் உயிரியல் துறையில் தொடங்கியது. மாவோரி மொழியில் துஆகானா என்றால் மூத்த உடன்பிறப்பு, தெய்னா என்றால் இளையவர். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்றுக்கொடுக்கிறார். இதில் யாருடைய இடமும் பறிபோவதில்லை.

இரண்டாவதாக, காற்று இப்போது எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். 2024 மார்ச்சில் ஆக்லாந்து வளாகத்தில் மாவோரி, பசிபிக் மாணவர்களுக்கென ஒதுக்கிய இடத்தின் அறிவிப்புப் பலகையை வைத்து அரசியல்வாதிகள் பெரிய சர்ச்சை கிளப்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், அரசு சேவைகள் இனத்தை வைத்து அல்ல, தேவையை வைத்தே அமைய வேண்டும் என்று அமைச்சரவைச் சுற்றறிக்கை வந்தது. உங்கள் மேலாளர்கள் அதே சொற்களைத்தான் பயன்படுத்துவார்கள். ஆகவே தேவை என்ன என்பதை நீங்களே அவர்களுக்கு எழுதிக் காட்டுங்கள்.

மூன்றாவது, பணம். மாவோரி, பசிபிக் மாணவர்களின் தலைக்கு இவ்வளவு என்று உயர்கல்வி ஆணையம் பல வருடம் கல்வி நிலையங்களுக்குக் கூடுதல் நிதி கொடுத்து வந்திருக்கிறது. உங்கள் நிலையம் அதை எதற்குச் செலவிட்டது, இந்த அறைக்கு எவ்வளவு போனது என்று எழுத்தில் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 முதல் முதலாண்டுக் கட்டணம் இலவசமாக இருந்தது. 2025 முதல் அதைக் கடைசி ஆண்டுக்கு மாற்றிவிட்டார்கள். உள்நாட்டில் இருப்பவருக்குக் கல்விக்கடனில் வட்டி இல்லை என்றாலும், கடன் என்ற சொல்லைக் கேட்டே பின்வாங்கும் வீடுகள் உண்டு. படியேறலாமா வேண்டாமா என்று வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளைக்குக் கடைசிப் படியில் தரும் பரிசு எட்டாது. என் சொந்தக் கருத்து இது.

லம்பாசா பேத்தி | செவ்வாய், இரவு 8.15

வணக்கம். நான் நர்ஸ். என் கொள்ளுத்தாத்தா சென்னையில் கப்பலேறி ஃபிஜிக்குக் கரும்பு வெட்டப் போனவர். ஃபிஜிக்கு முதல் கூலிக்கப்பல் 1879இல் கல்கத்தாவிலிருந்து போனது. 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆட்களை ஏற்றினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், அதைத்தான் கிர்மிட் என்பார்கள். என் அம்மா வழியில் எல்லாரும் ஃபிஜியின் லம்பாசா ஊர்க்காரர்கள். 1926இல் நாடியில் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் லம்பாசாவில் நர்சிங் கல்லூரி நடத்துகிறது. என் சித்தி அதில் படித்தவர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நியூசிலாந்துப் புள்ளிவிவரத் துறையின் வகைப்பாட்டில் ஃபிஜி இந்தியர் ஆசியர் பிரிவில் வருகிறார்கள். நான் நர்சிங் படிக்கும்போது ஓர் உதவித்தொகைப் படிவத்தில் ஃபிஜியில் பிறந்தவள் என்று எழுதினேன். பசிபிக் பூர்வகுடி இல்லை என்று திருப்பிவிட்டார்கள். மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் பிறந்து, கசாவாக் கிழங்கும் டாலோக் கிழங்கும் தின்று வளர்ந்தவளை நீ தீவுப்பெண் இல்லை என்றால் வலிக்காதா? இன்றும் வலிக்கிறது. ஹோவிக் ஐயாவின் மகளுக்காகவும் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனாலும் அந்த அறை இருக்க வேண்டும் என்றே சொல்வேன். எங்கள் வார்டில் ஒரு சமோவப் பெரியவர் இருந்தார். சர்க்கரை நோயில் காலில் புண். டாக்டர் எதைக் கேட்டாலும் ஆம் ஆம் என்று தலையாட்டுவார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? ஆம். புரிந்ததா? ஆம். பயிற்சிக்கு வந்திருந்த சமோவ மாணவி கட்டிலருகே நாற்காலியைத் தாழ்த்திப் போட்டு உட்கார்ந்து, எந்த ஊர், எந்தத் தேவாலயம் என்று அரை மணி நேரம் அவர்கள் மொழியில் பேசினாள். பிறகுதான் வந்தது உண்மை. பேத்தியின் பள்ளிச் செலவு முந்திக்கொள்கிறது என்று பெரியவர் இரண்டு மாதமாக மருந்து வாங்கவே இல்லை. டாக்டரை மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்பதால் எல்லாவற்றுக்கும் ஆம் சொல்லியிருக்கிறார்.

அந்த மாணவி இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டுவிடப் பார்த்தவள். ஒரு பசிபிக் மையத்தில் இருந்த அக்கா வீடு தேடிப் போய்த் திரும்ப அழைத்து வந்தாராம். இந்நாட்டு மருத்துவர்களில் பசிபிக் மக்கள் இரண்டு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள். படிக்க வந்தவர்களையும் வழியில் நழுவவிட்டால் அந்தப் பெரியவரிடம் யார் உட்கார்ந்து பேசுவார்?

ஹோவிக் வாசி | செவ்வாய், இரவு 10.05

அம்மா, உங்கள் பதிவை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். மருந்து வாங்காமல் ஆம் சொன்ன பெரியவர் மனதை விட்டு அகலவில்லை.

என் மகளுக்கு நடந்தது நியாயம் என்று நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. ஆனால் வேணு சொன்னதை யோசித்துப் பார்த்தேன். மணியனின் அறையை மூடினால் என் மகளுக்கு ஓர் இடம்கூடக் கூடப்போவதில்லை. அதை ஏற்கிறேன். என் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. அந்த டோங்காப் பையனுக்குச் செய்ததைப் பொது மையத்தில் இருக்கும் நல்ல மனிதர் ஒருவர் ஏன் செய்ய முடியாது?

மானுகாவ் மணியன் | புதன், அதிகாலை 5.30

ஐயா, இந்தக் கேள்வியோடுதான் இரவெல்லாம் விழித்திருந்தேன்.

நல்ல மனிதர் யாராலும் செய்ய முடியும். நான் தமிழன், தீவுக்காரன் இல்லை, நானே செய்கிறேனே. ஆனால் அதற்கு வேலையின் அமைப்பு இடம்கொடுக்க வேண்டும். பொது மையத்தில் ஒருவருக்கு முப்பது நிமிடம். வராதவர் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று ஒரு குறி, அடுத்தவரை அழைப்பார்கள். எங்கள் அறையில் வராதவரில்தான் வேலையே தொடங்குகிறது.

சமோவ, டோங்க மொழிகளில் 'வா' என்று ஒரு சொல் உண்டு. இருவருக்கு நடுவே இருக்கும் உறவின் வெளி. அதைப் பேணுவதை 'தெஉ லே வா' என்கிறார்கள் சமோவர்கள். முதன்முதலில் கேட்டபோது என் காதில் அது நம் வா என்றே விழுந்தது. எங்கள் அறைக்கு வரும் பிள்ளை உதவி கேட்டு வருவதில்லை. சோறு சாப்பிட, அச்செடுக்க, பாயில் படுத்து அரை மணி நேரம் தூங்க வருகிறது. நான்காம் வாரம், ஐந்தாம் வாரம் ஆனபிறகு, போகிற போக்கில், "இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் பார்க்கிறீர்களா?" என்று போனை நீட்டும். ஒரு பெண் 1,500 சொல் கட்டுரையை முழுக்கப் போனிலேயே அடித்திருந்தாள். வீட்டில் ஒரே மடிக்கணினி, தம்பிகள் மூவருக்கும் அதுதான்.

வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கலாம் என்றீர்கள். மடிக்கணினியை அப்படிக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அந்தப் பெண் இரவு பத்து மணிக்குத்தான் படிக்க உட்கார்ந்தாள் என்பது பணத்தால் மட்டும் வந்ததல்ல. வருடத்துக்கு இருமுறை பெற்றோரை அழைத்துக் கூட்டம் போடுகிறோம். அவள் அம்மா ஒரு தட்டு நிறைய டாரோக் கிழங்கும் கோழியும் கொண்டுவந்திருந்தார். 15 புள்ளி கொண்ட ஒரு பாடத்துக்கு மொத்தம் 150 மணி நேர உழைப்பு என்று பலகையில் எழுதினேன். ஒரு பருவத்துக்கு நான்கு பாடம் என்றால் வாரம் நாற்பது மணி நேரம், முழுநேர வேலை மாதிரி. அந்த அம்மா எழுந்து, "வகுப்பு மூன்று மணிக்கு முடிகிறதே, பிறகு அவள் சும்மாதானே இருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை" என்றார். அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறு விருந்துச் சமையல் மகள் கையிலிருந்து அத்தை கைக்கு மாறியது. எங்கள் அறைக்கு இதில் ஒரு காசு செலவில்லை. ஆனால் அந்த அம்மா கல்வி நிலையத்தின் படியேறி வரும் அளவுக்கு நம்பிக்கை வளர மூன்று வருடம் பிடித்தது.

நம்பிக்கை ஏன் சுலபமாக வருவதில்லை என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1970களின் நடுவில் விசா முடிந்தவர்களைத் தேடுகிறோம் என்று போலீசார் விடியற்காலையில் பசிபிக் வீடுகளின் கதவைத் தட்டினார்கள். 2021 ஆகஸ்ட் 1 அன்று பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் ஆக்லாந்து நகர மண்டபத்தில், சமோவ முறைப்படி பாய் போர்த்தி அமர்ந்து மன்னிப்புக் கேட்டார். அத்துடன் பசிபிக் சமூகத்துக்கு 21 லட்சம் டாலர் கல்வி, தொழிற்பயிற்சி உதவித்தொகையும் அறிவித்தார்கள். ஆனால் கதவு தட்டப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்கள்தான் இன்றைய தாத்தா பாட்டிகள். அரசு முத்திரை வைத்த உறை வந்தால் பிரிக்காமல் அலமாரிமேல் வைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

வேணு, நிதிக் கேள்வியை முதல் பத்தியிலேயே வைத்துவிட்டேன். நன்றி.

துனீடின் மாணவி | புதன், காலை 9.15

அண்ணா, மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். உங்கள் கடிதம் ஊழியரின் கடிதம், வேலை போய்விடும் என்று எழுதுகிறார் என்பார்கள். அந்தப் புதன்கிழமைக் கணிதப் பையன் எழுதட்டும்.

மானுகாவ் மணியன் | சனி, இரவு 7.20

நேற்று மாலை அனுப்பியாயிற்று. என் கடிதம் இரண்டு பக்கம். மாணவர்கள் 64 பேர் தனித்தனியாக எழுதினார்கள். கணிதப் பையன் நான்கே வரி எழுதினான். "நான் வெளியே பெஞ்சில் இருந்தேன், உள்ளே இருந்தவர் எழுந்து வந்தார்" என்பது அதில் ஒரு வரி. பாய் நெய்து கொடுத்த பாட்டிமார் இருவர் சமோவ மொழியில் எழுதியிருந்தார்கள். மொழிபெயர்க்காமல் அப்படியே இணைத்துவிட்டோம்.

முடிவு அடுத்த மாதம். அறை போனாலும் போகலாம். தேடிப் போய்ப் பேசும் இரண்டு பணியிடங்களையாவது விட்டுவைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.

ஹோவிக் ஐயா தனிச்செய்தி அனுப்பியிருந்தார். அவர் அனுமதியோடு சொல்கிறேன். அவர் மகள் இப்போது மருந்தியல் படிக்கிறாளாம், சனிக்கிழமைகளில் வேதியியல் சொல்லிக்கொடுக்க வரலாமா என்று கேட்டிருக்கிறாள். வரச் சொல்லியிருக்கிறேன்.

முதலாண்டு | சனி, இரவு 11.50

புதிதாகச் சேர்ந்தவள், தவறிருந்தால் மன்னிக்கவும். ஹாமில்டனில் படிக்கிறேன். ஆய்வகத்தில் என் ஜோடி ஒரு டோங்காப் பெண். பத்து நாளாக வரவில்லை. செய்தி அனுப்பினால் பார்க்கிறாள், பதில் இல்லை. திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். நான் தலையிடலாமா? அவளுக்குச் சங்கடமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மானுகாவ் மணியன் | ஞாயிறு, காலை 6.05

தலையிடுங்கள், தங்கையே. இன்று ஞாயிறு, மதியம் வரை தேவாலயத்தில் இருப்பாள். மூன்று மணிக்கு மேல் போன் செய்யுங்கள், செய்தி வேண்டாம். எடுக்காவிட்டால் மாலையில் இன்னொரு முறை. எடுத்தால் அறிக்கையைப் பற்றிப் பேச வேண்டாம். வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள், நீ சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மற்றதை அவளே சொல்வாள். எந்தக் கல்வி நிலையம் என்று எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள். அங்கே யாரிடம் போக வேண்டும் என்று விசாரித்து இரவுக்குள் சொல்கிறேன். முதல் தடவை நீங்களும் அவளுடன் கூடவே போங்கள்.